சிறு குழந்தைகளோடு வீட்டில் கிறிஸ்துமஸ் காலம்: நவம்பர் இறுதி முதல் சனவரி 6 வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தையிடம் "கிறிஸ்துமஸுக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது" என்று சொல்வதால் பயன் ஒன்றுமில்லை. இன்று, நாளை, தூங்கி எழுந்த பிறகு என்பவைதாம் அந்த வயதுக்குப் பிடிபடும் கால அளவுகள். பெரியவர்களாகிய நாம் ஒரு மாதம் முழுவதும் பரபரப்பாக ஏற்பாடுகளைச் செய்து, அத்தனையையும் டிசம்பர் 25 அன்று ஒரே மூச்சில் குழந்தையின் முன் வைக்கிறோம். பரிசுகள், விருந்தினர், ஆராதனை, விளக்குகள், தூக்கமின்மை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வரும் அந்த நாளின் மாலையில் குழந்தை அழுது ஓய்வதில் வியப்பில்லை. இந்தக் காலத்தின் மகிழ்ச்சி குழந்தைக்குப் போய்ச் சேர வேண்டுமானால், அதை ஒரே நாளில் குவிக்காமல் ஏறத்தாழ ஐந்து வாரங்களுக்குப் பரப்பி, அன்றாடம் அதன் கைக்கு ஒரு சிறு வேலை கொடுப்பதே சிறந்த வழி என்பது என் உறுதியான கருத்து. கீழே வரும் படிகள் அனைத்தும் அந்த எண்ணத்தின் மேல்தான் அமைந்துள்ளன.

முதல் படி: நாட்காட்டியைத் திறந்து, வேண்டாதவற்றை விலக்குங்கள்

நவம்பர் மூன்றாம் வாரத்திலேயே, குழந்தைகள் உறங்கிய பின், வீட்டுப் பெரியவர்கள் ஒன்றாக உட்கார வேண்டும். கிறிஸ்து பிறப்புக்காகக் காத்திருக்கும் திருவருகைக்காலம் எந்த நாளில் தொடங்குகிறது என்பதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள். கிறிஸ்துமஸுக்கு முன்வரும் நான்கு ஞாயிறுகளைப் பின்னோக்கி எண்ணினால் முதல் ஞாயிறு கிடைத்துவிடும். அது நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் ஏதேனும் ஒரு நாளில் விழும் என்பதால், இந்தக் காத்திருப்பு சில ஆண்டுகளில் 22 நாட்களும் சில ஆண்டுகளில் 28 நாட்களும் நீளும். அடுத்து டிசம்பர் 6, 24, 25, சனவரி 6 ஆகிய நாட்களை வட்டமிடுங்கள். பழைய ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றும் திருச்சபைகளைச் சேர்ந்த குடும்பங்களுக்குக் கிறிஸ்து பிறப்பு விழாவே சனவரி 7-இல்தான் வரும். அவர்கள் தங்கள் காலக்கணக்குக்கு ஏற்ப இந்தப் படிகளை நகர்த்திக்கொள்ளலாம்.

பிறகுதான் உண்மையான வேலை இருக்கிறது. இந்த மாதத்தில் செய்ய நினைக்கும் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அவற்றுள் எவை குழந்தைக்காக, எவை பிறர் கண்ணுக்காக என்று நேர்மையாகப் பிரித்துப் பாருங்கள். குழந்தையின் பொருட்டு நாள்தோறும் செய்ய ஒன்று, வாரந்தோறும் செய்ய ஒன்று, விழா நாளுக்கென ஒன்று அல்லது இரண்டு என்று வைத்துக்கொண்டால் போதுமானது. மற்றவை நடந்தால் நடக்கட்டும். குழந்தையின் பகல் தூக்கம், இரவு உறங்கும் நேரம் ஆகிய இரண்டையும் இதே தாளில் மேலே எழுதிவிடுங்கள். எந்த அழைப்பை ஏற்பது, எதை மறுப்பது என்பதை இந்த இரண்டு நேரங்களே பெரும்பாலும் தீர்மானித்துவிடும்.

குடும்பத்தில் அந்த ஆண்டு ஒருவர் இறந்திருக்கலாம், அல்லது தொலைவில் இருக்கலாம். அதைக் குழந்தையிடம் மறைத்து மகிழ்ச்சியை நடிக்க வேண்டியதில்லை. "இந்த வருடம் தாத்தா நம்மோடு இல்லை, அதனால் எனக்குக் கொஞ்சம் வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் நாம் சேர்ந்து குடில் வைப்போம்" என்று சொன்னால் நான்கு வயதுக் குழந்தைக்குக்கூடப் புரியும்.

இரண்டாம் படி: காத்திருப்பைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்யுங்கள்

குழந்தைக்குக் காலம் கண்ணால் காணக்கூடிய பொருளாக மாற வேண்டும். இந்தத் தேவையிலிருந்தே திருவருகைக்கால வளையம் பிறந்தது என்பதைப் பலர் அறிவதில்லை. ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்திய யோகான் ஹின்ரிக் விக்கெர்ன் என்ற போதகரிடம், கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று குழந்தைகள் ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அவர் 1839-இல் ஒரு வண்டிச் சக்கரத்தின் மேல் வாரநாட்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளையும், ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளையும் வைத்து, நாளுக்கொன்றாக ஏற்றச் செய்தார். காலப்போக்கில் அது பசுந்தழை வளையமும் நான்கு மெழுகுவர்த்திகளுமாகச் சுருங்கி உலகெங்கும் பரவியது. கத்தோலிக்க வழக்கில் மூன்று ஊதா நிறத்திலும், மூன்றாம் ஞாயிறான மகிழ்ச்சி ஞாயிற்றுக்குரிய ஒன்று மட்டும் இளஞ்சிவப்பிலும் இருக்கும்.

வீட்டில் இதைச் செய்ய ஒரு தட்டும், கொஞ்சம் பசுந்தழையும், நான்கு மெழுகுவர்த்திகளும் போதும். குழந்தையே தழைகளை அடுக்கட்டும். வரிசை கோணலாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். முதல் ஞாயிறு மாலை மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு ஒரு மெழுகுவர்த்தியை மட்டும் ஏற்றி, ஒரு பாட்டு பாடி, ஒரே ஒரு வரியில் செபம் சொல்லி முடியுங்கள். ஐந்து நிமிடங்களுக்கு மேல் இழுக்க வேண்டாம். ஏற்றும் வேலை பெரியவருக்கு, ஊதி அணைக்கும் வேலை குழந்தைக்கு என்று பிரித்துவிட்டால் சண்டை வராது. இரண்டு குழந்தைகள் இருக்கும் வீட்டில் யார் முதலில் ஊதுவது என்பதை முதல் நாளே முறைவைத்து எழுதி ஒட்டிவிடுவது நல்லது. வளையம் மேசையின் நடுவில், திரைச்சீலைக்கும் காகித அலங்காரத்துக்கும் தொலைவில் இருக்க வேண்டும். மேசை விரிப்பைக் குழந்தை பிடித்து இழுக்கும் என்பதால் அந்த நேரத்தில் விரிப்பையே எடுத்துவிடுங்கள். எரியும் மெழுகுவர்த்தி உள்ள அறையில் குழந்தையை ஒரு நொடியும் தனியே விடக் கூடாது. தப்பித்தவறிச் சுட்டுக்கொண்டால், குழாயில் ஓடும் குளிர்ந்த நீரில் அந்த இடத்தை 20 நிமிடங்கள் வைத்திருப்பதே முதலுதவி. பற்பசை, வெண்ணெய் போன்ற எதையும் தடவ வேண்டாம்.

வளையம் வாரத்தைக் காட்டுகிறது. நாட்களைக் காட்ட வேறொன்று வேண்டும். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய வீடுகளில் கதவின் மேல் சுண்ணக்கட்டியால் 24 கோடுகள் போட்டு, நாளுக்கு ஒன்றாகக் குழந்தைகள் அழித்தார்கள். இன்று கடைகளில் விற்கும் சன்னல் வைத்த நாட்காட்டிகளுக்கு அந்தக் கோடுகளே மூலம். இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளுக்கு, கடையில் வாங்குவதைவிட வண்ணக் காகித வளையங்களைக் கோத்த சங்கிலியையே நான் பரிந்துரைப்பேன். 24 காகிதத் துண்டுகளை வெட்டி, ஒன்றோடொன்று வளையமாக ஒட்டி, குழந்தைக்கு எட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள். டிசம்பர் 1 முதல் ஒவ்வொரு மாலையும் ஒரு வளையத்தைக் கிழிக்க வேண்டும். கிழிப்பதற்கு முன் சங்கிலியின் அடிநுனியைத் தொட்டுப் பார்ப்பதும், தரையிலிருந்து அது எவ்வளவு உயர்ந்துவிட்டது என்று கையை வைத்து அளப்பதும், "நேற்று என் வயிறு வரைக்கும் இருந்தது, இன்றைக்குக் கழுத்துக்குப் போய்விட்டது" என்று வீட்டில் எல்லோரிடமும் போய்ச் சொல்வதும் தானாக நடக்கும். எண்ணத் தெரியாத குழந்தைக்கும் சங்கிலி குறைவது தெரிகிறது.

ஒவ்வொரு வளையத்தின் உட்புறத்திலும் அன்றைக்குரிய ஒரு சிறு செயலைப் பென்சிலில் எழுதிவைக்கலாம். அவை எளியனவாக இருக்கட்டும்: ஒரு நட்சத்திரம் வரைவது, பாட்டிக்குத் தொலைபேசியில் ஒரு பாட்டு பாடுவது, பறவைகளுக்குத் தண்ணீர் வைப்பது, பழைய பொம்மைகளில் ஒன்றைத் தேர்ந்து பிறருக்குக் கொடுக்க எடுத்துவைப்பது, இருட்டிய பின் வெளியே நின்று வானத்தைப் பார்ப்பது. பென்சிலில் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காய்ச்சல் வந்த நாளிலும் நீங்கள் களைத்துப்போன நாளிலும் அதை அழித்துவிட்டு "இன்று போர்வைக்குள் உட்கார்ந்து கதை கேட்பது" என்று மாற்றிக்கொள்ளலாம்.

மூன்றாம் படி: குடிலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுங்கள்

இந்தக் காலத்தில் சிறு குழந்தைகளுக்கு மிகவும் பொருத்தமான ஒன்று எது என்று கேட்டால், இயேசு பிறந்த தொழுவத்தைச் சிறு உருவங்களால் காட்டும் குடில் என்றே சொல்வேன். மரத்தைவிட, பரிசைவிட, அதுவே அவர்கள் கைக்கு அடங்குவது. அசிசியின் புனித பிரான்சிஸ் 1223-இல் இத்தாலியின் கிரேச்சோ என்ற ஊரில் ஒரு குகையில் வைக்கோலையும் தீவனத்தொட்டியையும், உயிருள்ள மாட்டையும் கழுதையையும் கொண்டுவந்து நிறுத்தி, பெத்லகேமின் எளிமையை மக்கள் தங்கள் கண்ணால் காணச் செய்தார். கண்ணால் கண்டால்தான் நம்பும், கையால் தொட்டால்தான் புரிந்துகொள்ளும் வயதினர் நம் வீட்டில் இருக்கும்போது, அவர் செய்ததையே நாமும் செய்யலாம்.

விலையுயர்ந்த சுண்ணாம்புச் சிலைகள் இருந்தால் அவற்றை உயரத்தில் வையுங்கள். குழந்தைக்கென்று தனியாக ஒரு குடில் தேவை. காலணி வந்த அட்டைப்பெட்டி ஒன்றைப் படுக்கவைத்தால் மாட்டுத்தொழுவம் தயார். மனிதர்களையும் விலங்குகளையும் மரக்கட்டையிலோ துணியிலோ களிமண்ணிலோ செய்துகொள்ளலாம். கழிவறைக் காகிதச் சுருளின் நடுவிலுள்ள அட்டைக்குழலுக்குள் நுழையக்கூடிய எந்தப் பொருளும் மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் தொண்டையில் சிக்கக்கூடும் என்பதை அளவுகோலாக வைத்து, உருவங்களை அதைவிடப் பெரிதாகச் செய்யுங்கள். குழந்தை இயேசுவின் உருவம் வழக்கமாக எல்லாவற்றிலும் சிறியதாக இருக்கும் என்பதால் அதைத் தனியாகச் சோதித்துவிடுங்கள்.

முதல் ஞாயிறன்று வெறும் தொழுவத்தை மட்டும் வையுங்கள். அந்த வெறுமையே கதையின் தொடக்கம். இரண்டாம் வாரத்தில் விலங்குகள் வரட்டும். மாடும் கழுதையும் நற்செய்தி நூல்களின் பிறப்புக் கதையில் இல்லை, எசாயா இறைவாக்கினர் நூலின் முதல் அதிகாரத்தில் வரும் வரிகளிலிருந்து மரபு அவற்றை இங்கே கொண்டுவந்தது. ஆகவே உங்கள் குழந்தை ஒரு யானையையோ கோழியையோ உள்ளே கொண்டுவந்து வைத்தாலும் தடுக்க வேண்டாம். மூன்றாம் வாரத்தில் மரியாவும் யோசேப்பும் வீட்டின் மறுகோடியிலிருந்து பயணத்தைத் தொடங்க வேண்டும். நாசரேத்திலிருந்து பெத்லகேமுக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். அந்தத் தொலைவை வீட்டுக்குள் காட்டுவது எளிது: ஒரு நாள் சன்னல் விளிம்பு, மறுநாள் புத்தக அலமாரி, அடுத்த நாள் நாற்காலியின் கை. ஒவ்வொரு காலையும் குழந்தை எழுந்ததும் அவர்கள் எங்கே வந்திருக்கிறார்கள் என்று தேடும். தேடிக் கண்டுபிடித்த குழந்தை, அவர்களை அங்கேயே விட்டுவிடாமல் தன் பொம்மை வண்டியில் ஏற்றிக்கொண்டு சமையலறை வரை போய்வருவதும் உண்டு. "மரியாவுக்குக் கால் வலிக்கிறது" என்று அது காரணம் சொன்னால், நான்கு பக்கம் படித்துக்காட்டியும் வராத புரிதல் வந்துவிட்டது என்று அறியுங்கள்.

டிசம்பர் 24 மாலை அவர்கள் தொழுவத்தை அடைகிறார்கள். இடையர்கள் பக்கத்து வயலில் காத்திருக்கிறார்கள். குழந்தை இயேசுவை அன்றிரவு உறங்கும் முன்போ 25 காலையிலோ உங்கள் குழந்தையே தன் கையால் தொட்டியில் வைக்க வேண்டும். நட்சத்திரத்தைக் கண்டு குழந்தையைத் தேடிவந்த ஞானிகளை அன்று கொண்டுவந்து நிறுத்திவிடாதீர்கள். அவர்கள் கிறிஸ்துமஸ் அன்றுதான் வீட்டின் தொலைவான மூலையிலிருந்து புறப்பட்டு, சனவரி 6-இல் வந்து சேரட்டும். மத்தேயு நற்செய்தியும் அவர்கள் வீட்டுக்குள் சென்று குழந்தையைக் கண்டதாகவே கூறுகிறது. அவர்கள் மூவர் என்றும் அதில் இல்லை. பொன், சாம்பிராணி, வெள்ளைப்போளம் என்ற மூன்று காணிக்கைகளிலிருந்து எண்ணிக்கை பிறந்தது. உங்களிடம் இரண்டு உருவங்கள்தாம் இருக்கின்றன என்றாலும் குறையொன்றுமில்லை.

தொட்டிக்கு வைக்கோல் சேர்ப்பது பழைய வழக்கம். ஒருவருக்கு ஓர் உதவி செய்யும்போது ஒரு வைக்கோல் துரும்பையோ கம்பளி நூல் துண்டையோ தொட்டியில் போடலாம், குழந்தை இயேசு வரும்போது படுக்கை மெத்தென்று இருக்கும். பெரியவர்களும் போட வேண்டும், குழந்தை பார்க்கும்படி போட வேண்டும். குறும்பு செய்ததற்காகப் போட்ட துரும்பை எடுப்பது மட்டும் ஒருபோதும் கூடாது. அன்பைக் கற்றுத்தர வந்த தொட்டியை அது தண்டனைக் கணக்கேடாக்கிவிடும்.

நான்காம் படி: கதையைச் சொல்லுங்கள், ஒரே கதையைத் திரும்பத் திரும்ப

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்து முதல் 20 வசனங்கள் இந்தக் காலத்தின் நடுநாயகம். குழந்தைகளுக்குப் புதிய கதையைவிடத் தெரிந்த கதையே விருப்பம். ஆகையால் இரவுக்கொரு கதை தேட வேண்டாம். இரண்டு வயதில் நான்கு வாக்கியங்கள் போதும்: மரியாவும் யோசேப்பும் நடந்தார்கள், தங்க இடம் கிடைக்கவில்லை, இயேசு பிறந்தார், தொட்டியில் படுக்கவைத்தார்கள். நான்கு வயதில் வானதூதரும் இடையர்களும் சேரட்டும். ஆறு வயதில் நட்சத்திரத்தையும் ஞானிகளையும் அவர்கள் வேறு வழியாகத் திரும்பிப் போனதையும் சொல்லலாம். ஏரோது மன்னன் குழந்தைகளைக் கொன்ற பகுதியை இந்த வயதில் விட்டுவிடுவதே நல்லது. "ஒரு கெட்ட அரசன் இருந்தான், அதனால் அவர்கள் இரவிலேயே வேறு நாட்டுக்குப் போய்விட்டார்கள், பத்திரமாக இருந்தார்கள்" என்பது உண்மைக்கும் மாறில்லை, உறக்கத்துக்கும் கேடில்லை.

வாரத்தில் ஒரு நாள் அதை நடித்துப் பாருங்கள். தலையில் ஒரு துண்டு கட்டினால் இடையர். படுக்கை விரிப்பைப் போர்த்தினால் வானதூதர். கதவைத் தட்டி "இடம் இருக்கிறதா?" என்று கேட்பதும் "இல்லை" என்று உள்ளிருந்து சொல்வதும் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்த பகுதி. சில குழந்தைகள் "இருக்கிறது, வாருங்கள்" என்று கதவைத் திறந்துவிடும். அப்படியே விடுங்கள், திருத்தாதீர்கள்.

கேள்விகள் வரும். இயேசு பாப்பா அழுதாரா, அவருக்குக் குளிரவில்லையா, ஏன் அவர்களை யாரும் உள்ளே விடவில்லை என்றெல்லாம் கேட்கும். அழுதிருப்பார், எல்லாப் பாப்பாவும் அழும் என்று சொல்லலாம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லி, நீ என்ன நினைக்கிறாய் என்று திருப்பிக் கேட்டால் பேச்சு வளரும்.

பாட்டு குறித்து ஒன்று. எல்லாக் கீதங்களையும் ஒலிக்கவிட்டு மாதம் முழுவதும் பின்னணி இசையாக ஓடச் செய்தால் ஒன்றும் மனத்தில் நிற்காது. இந்த ஆண்டுக்கு ஒரு கீதம் என்று தேர்ந்து, வளையம் ஏற்றும்போதும் குளிக்கும்போதும் தூங்கவைக்கும்போதும் நீங்களே பாடுங்கள். குரல் நன்றாக இல்லை என்று தயங்க வேண்டாம். குழந்தைக்கு வேண்டியது உங்கள் குரல்.

ஐந்தாம் படி: மரமும் விளக்கும் நட்சத்திரமும்

வீட்டை அலங்கரிப்பதை நான் இங்கே சுருக்கமாகவே சொல்கிறேன். அழகுக்கு அவரவர் விருப்பமே வழிகாட்டி, கவனம் வேண்டியது பாதுகாப்பில்தான். மரத்தின் அடிப்பாகம் அகலமாகவும் கனமாகவும் இருக்க வேண்டும். நடக்கத் தொடங்கிய குழந்தை அதைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்க முயலும் என்பதால், உச்சியிலிருந்து ஒரு கயிற்றால் சுவரில் உள்ள உறுதியான கொக்கியோடு கட்டிவிடுங்கள். கீழ்ப்பாதியைக் குழந்தைக்கே விட்டுவிடுங்கள். துணி, காகிதம், மரம் ஆகியவற்றால் ஆனவற்றை மட்டும் அங்கே தொங்கவிட்டால் அது நாள்தோறும் கழற்றி மாட்டிக்கொண்டிருக்கும். கண்ணாடி உருண்டைகளும் கொக்கிகளும் மேலே போகட்டும். எல்.இ.டி. விளக்குச் சரங்கள் அதிகம் சூடாவதில்லை. ஆனாலும் வயர் உரிந்திருக்கிறதா என்று மாட்டுவதற்கு முன் கையால் தடவிப் பார்ப்பதும், உறங்கப் போகும்முன் அணைப்பதும் கட்டாயம்.

இந்தக் காலத்தில் வீட்டுக்குள் வரும் மிகப் பெரிய ஆபத்து கண்ணுக்கே தெரியாத அளவுக்குச் சிறியது. மின்னும் அலங்காரங்களிலும் பாடும் வாழ்த்து அட்டைகளிலும் போலி மெழுகுவர்த்திகளிலும் தொலை இயக்கிகளிலும் பொத்தான் பேட்டரி இருக்கிறது. அதைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் தங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்துக்குள் கடுமையான புண்ணை உண்டாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தாலே போதும், வாந்தி எடுக்கவைக்க முயலாமல் உடனே மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுசெல்லுங்கள். பேட்டரி அறை திருகாணியால் மூடப்படாத எந்தப் பொருளையும் வாங்காதீர்கள், பரிசாக வந்தால் உயரத்தில் வைத்துவிடுங்கள். முழு முந்திரி, வேர்க்கடலை, முழுத் திராட்சை ஆகியவையும் ஐந்து வயதுக்கு உட்பட்டோருக்கு மூச்சடைப்பை உண்டாக்கக்கூடியவை. விருந்தினருக்கென்று தாழ்வான மேசையில் தட்டு வைக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

ஆறாம் படி: கிறிஸ்துமஸ் தாத்தாவை எப்படி அறிமுகம் செய்வது?

டிசம்பர் 6 மீராவின் புனித நிக்கோலாஸ் திருநாள். இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த மீரா நகரில் நான்காம் நூற்றாண்டில் ஆயராக இருந்தவர் அவர். மணம் செய்துவைக்க வழியில்லாத ஓர் ஏழைத் தந்தையின் மூன்று மகள்களுக்காக, இரவில் யாரும் அறியாமல் சன்னல் வழியே பொன் முடிப்புகளைப் போட்டுச் சென்றார் என்று மரபுக் கதை கூறுகிறது. சிவப்பு உடைத் தாத்தாவின் வேர் இவரே. இந்தக் கதையை டிசம்பர் 6 அன்று சொல்லிவிட்டால் பின்னால் வரும் பல சிக்கல்கள் தீரும். "யாருக்கும் தெரியாமல் கொடுத்தார்" என்பதைப் பிடித்துக்கொண்டு, அன்று வீட்டில் ஒவ்வொருவரும் இன்னொருவருக்குத் தெரியாமல் ஒரு சிறு பொருளைத் தலையணை அடியில் வைக்கலாம்.

தாத்தா நிஜமாகவே வருவார் என்று சொல்வதா வேண்டாமா என்பதில் குடும்பங்கள் வேறுபடுகின்றன. அதை நாடகமாக ஆடி மகிழ்வதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் குழந்தை நேராக முகத்தைப் பார்த்து "உண்மையா?" என்று கேட்கும் நாளில் பொய்யை வளர்க்காமல், நிக்கோலாஸைப் பற்றியும் அவரைப்போல் இரகசியமாகக் கொடுப்பவர்களைப் பற்றியும் சொல்லி, "இனி நீயும் அந்த இரகசியக்காரர்களில் ஒருவர்" என்று சேர்த்துக்கொள்வதே சரியென்று நினைக்கிறேன். "சொன்ன பேச்சுக் கேட்காவிட்டால் தாத்தா பரிசு தரமாட்டார்" என்று மிரட்டுவதை அறவே விட்டுவிடுங்கள். வேடமிட்டவரைக் கண்டு குழந்தை அழுதால் மடியில் உட்காரவைத்துப் படம் எடுக்க வற்புறுத்தாதீர்கள்.

ஏழாம் படி: பரிசுகள்

குழந்தை பெறுவதற்கு முன் கொடுக்கப் பழகட்டும். டிசம்பர் இரண்டாம் வாரத்தில் அதன் உள்ளங்கையை வண்ணத்தில் தோய்த்துக் காகிதத்தில் பதித்து வாழ்த்து அட்டைகள் செய்யுங்கள். யார் யாருக்கு என்பதைக் குழந்தை சொல்ல, நீங்கள் எழுதுங்கள். பெற்றோரில் ஒருவர் குழந்தையைத் தனியே அழைத்துச் சென்று மற்றவருக்கு ஒரு பரிசு தேர்ந்தெடுக்கச் சொன்னால், இரகசியத்தைக் காக்க அது படும் பாடே பெரிய விழாவாக இருக்கும்.

வாங்கும் பரிசுகளில் எண்ணிக்கையைக் குறையுங்கள். விளையாட ஒன்று, படிக்க ஒன்று, உடுத்த ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். உறவினர்களிடம் முன்கூட்டியே பணிவாகச் சொல்லிவிட்டால் மனத்தாங்கல் வராது. பொருளைப் பொதியும் முன் பெட்டியைத் திறந்து, கம்பிக் கட்டுகளை அறுத்து, பேட்டரி போட்டு, ஓடுகிறதா என்று பார்த்துவிடுங்கள். அன்று நிறையப் பரிசுகள் வந்து சேர்ந்தால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டியதில்லை. ஒன்றைப் பிரித்து, அதோடு விளையாடி முடித்த பிறகு அடுத்தது. மீதியைக் கிறிஸ்துமஸுக்குப் பின்வரும் நாட்களுக்கு ஒதுக்கினால் அந்த நாட்களும் ஒளிபெறும்.

எட்டாம் படி: டிசம்பர் 24, 25

இந்த இரண்டு நாட்களிலும் குழந்தையின் உணவு வேளையையும் உறக்கத்தையும் பிசகாமல் காப்பாற்றினால் பாதி விழா வென்றாயிற்று. 24 பகலில் வழக்கத்தைவிடச் சற்று நீளமாகவே தூங்கவிடுங்கள். நள்ளிரவு ஆராதனைக்குக் குழந்தையை அழைத்துச் செல்வதா என்று தயங்குவோர், 25 காலை ஆராதனையைத் தேர்ந்துகொள்வதில் குறையேதுமில்லை. பெரியவர்களில் ஒருவர் நள்ளிரவிலும் மற்றவர் குழந்தையோடு காலையிலும் போகலாம். அழைத்துச் செல்வதானால் ஓரத்து இருக்கை, தண்ணீர், ஒரு துணிப்பொம்மை, போர்த்திக்கொள்ள ஒன்று ஆகியவை கையில் இருக்கட்டும். என்ன நடக்கும் என்பதை முன்னதாகவே வரிசையாகச் சொல்லிவைத்தால் குழந்தை அமைதியாக இருக்கும்: முதலில் பாடுவார்கள், பிறகு கதை படிப்பார்கள், பிறகு நாம் குடிலைப் போய்ப் பார்ப்போம்.

விழா உடையை ஒரு வாரம் முன்பே ஒருமுறை போட்டுப் பார்த்து, துவைத்து, கழுத்துப்பட்டையில் உறுத்தும் சீட்டை வெட்டிவிடுங்கள். காரணம் புரியாத அழுகை பலவற்றுக்கு அந்தச் சீட்டுத்தான் காரணம்.

விருந்தினர் வரும் வீட்டில் குழந்தைக்கு ஓர் ஒதுக்கிடம் தேவை. விளக்கு மங்கலாக உள்ள ஓர் அறையில் ஒரு பாய், தலையணை, இரண்டு புத்தகங்கள் வைத்து, "கூட்டம் அதிகமாகத் தோன்றினால் இங்கே வரலாம்" என்று முந்திய நாளே காட்டிவிடுங்கள். வருவோர் எல்லோருக்கும் முத்தம் கொடுக்க வேண்டும், பாடிக்காட்ட வேண்டும் என்று நிர்ப்பந்திக்க வேண்டாம். கையசைத்தாலும் வணக்கம் சொன்னாலும் அது மரியாதைதான். அழுகை வெடித்துவிட்டால் எல்லோர் முன்னிலையிலும் கண்டிக்காமல், தூக்கிக்கொண்டு அந்த அறைக்குப் போய், பேசாமல் சிறிது நேரம் மடியில் வைத்திருங்கள்.

ஒன்பதாம் படி: 25-உடன் நிறுத்திவிடாதீர்கள்

பன்னிரண்டு நாள் விழா அன்றுதான் தொடங்குகிறது. டிசம்பர் 25 முதல் சனவரி 5 வரை உள்ள நாட்களே கிறிஸ்துமஸின் பன்னிரண்டு நாட்கள். மறுநாளான சனவரி 6, ஞானிகள் குழந்தை இயேசுவைக் கண்டதை நினைவுகூரும் திருக்காட்சிப் பெருவிழா. சில நாடுகளின் கத்தோலிக்கத் திருச்சபைகளில் அது சனவரி 2-க்கும் 8-க்கும் இடைப்பட்ட ஞாயிறுக்கு மாற்றிக் கொண்டாடப்படுகிறது. 26 காலையிலேயே எல்லாவற்றையும் கழற்றிவிட்டால், இவ்வளவு நாள் காத்திருந்த குழந்தை திகைத்துப்போகும். பெரியவர்களின் பரபரப்பு அடங்கிய இந்த நாட்கள் குழந்தைக்கு மிகவும் பொருத்தமானவை. ஒதுக்கிவைத்த பரிசுகளை இப்போது பிரிக்கலாம். ஞானிகளை நாள்தோறும் நகர்த்தலாம். பரிசு தந்தவர்களுக்கு நன்றி சொல்ல, அந்தப் பொம்மையையே படமாக வரைந்து அனுப்பலாம். ஆறு வயதுக் குழந்தையானால் கீழே தன் பெயரைத் தானே எழுதட்டும்.

சனவரி 6 மாலை ஞானிகள் குடிலை அடைந்ததும், நான்கு மெழுகுவர்த்திகளையும் கடைசியாக ஒருமுறை ஏற்றி, அந்த ஆண்டின் கீதத்தைப் பாடுங்கள். அலங்காரங்களை இறக்கும் வேலையை மறுநாள் குழந்தையோடு சேர்ந்தே செய்யுங்கள். குழந்தை உறங்கும்போது எல்லாவற்றையும் மறையச் செய்வது நல்லதல்ல. ஒவ்வோர் உருவத்தையும் அதுவே பழைய துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைக்கட்டும். விளக்குகளிலிருந்தும் பொம்மைகளிலிருந்தும் பேட்டரிகளைக் கழற்றிவிடுங்கள், உள்ளேயே விட்டால் கசிந்து பொருளைக் கெடுக்கும். வயர்ச் சரங்களை ஓர் அட்டையில் சுற்றிவைத்தால் அடுத்த முறை சிக்கெடுக்க வேண்டியிருக்காது. உடைந்தவற்றைத் தனியே எடுத்து, ஒட்டக்கூடியதை இப்போதே ஒட்டிவிடுங்கள். பெட்டியின் மேல் என்ன இருக்கிறது என்று எழுதி, எழுதப் படிக்கத் தெரியாத குழந்தைக்காக ஒரு நட்சத்திரத்தையும் வரைந்து, எதை இந்த ஆண்டு செய்தோம், எது குழந்தைக்கு மிகவும் பிடித்தது, எதை அடுத்த ஆண்டு விட்டுவிடலாம் என்று ஒரு துண்டுத்தாளில் குறித்து அதற்குள்ளேயே போட்டுவையுங்கள்.